ஹெர்மெட்டிக் தத்துவத்துல இருந்து டேரட், விக்கா, கோல்டன் டான் வரைக்கும்: எது உண்மையிலேயே வந்துச்சு, எது நடுவுல சேர்ந்துச்சு

கேட்டிருக்கறது ரெண்டு கேள்வி. இன்னைக்கு மேற்கத்திய நாடுகள்ல அக்கல்ட்னு சொல்ற மறைஞான, மந்திர விஷயம் எல்லாத்துக்கும் ஹெர்மஸ் ட்ரிஸ்மெஜிஸ்டஸ் பேர்ல வந்த ஹெர்மெட்டிக் தத்துவம்தான் வேரா, அப்புறம் அதை தெரிஞ்சுக்க கிபாலியன்ங்கற 1908-ம் வருஷத்துப் புத்தகத்தைப் படிச்சா போதுமா. முதல் கேள்விக்கு பெரும்பாலும் ஆமான்னுதான் சொல்லணும், ஆனா ஒரு குருகிட்ட இருந்து இன்னொரு சிஷ்யனுக்குன்னு அறுந்து போகாம வந்த பரம்பரையா அதை நினைச்சுடாதீங்க. ரெண்டாவதுக்கு பதில் இல்ல, போதாது. அதுல இருந்து ஆரம்பிச்சா குழப்பம்தான் மிஞ்சும். ஏன்னு விளக்கமா சொல்றேன்.

ஹெர்மஸ் ட்ரிஸ்மெஜிஸ்டஸ்னு ரத்தமும் சதையுமா ஒரு ஆள் இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது. அலெக்சாண்டர் எகிப்தை பிடிச்சதுக்கு அப்புறம் அங்க குடியேறின கிரேக்கர்கள் தங்களோட ஹெர்மஸையும், எகிப்தியரோட எழுத்துக்கும் அறிவுக்கும் மந்திரத்துக்கும் தெய்வமான தோத்தையும் ஒண்ணா சேர்த்து பார்த்தாங்க, அதுல பிறந்த உருவம்தான் இவர். இவர் பேர்ல ஜோசியம், ரசவாதம், தாயத்துன்னு நிறைய எழுதியிருக்காங்க. தத்துவமா எழுதினதுல கிரேக்கத்துல மிஞ்சின 17 சின்ன சின்ன நூல்களைத்தான் கார்ப்பஸ் ஹெர்மெட்டிகம்னு சொல்றோம், கூடவே லத்தீன்ல முழுசா மிஞ்சின அஸ்க்ளீப்பியஸ்னு ஒண்ணு. ஏறக்குறைய கி.பி. 1-ல இருந்து 3-ம் நூற்றாண்டுக்குள்ள ரோமானிய ஆட்சில இருந்த எகிப்துல எழுதினது. யார் எழுதினாங்கன்னு பேர் இல்ல.

இதுல முதல் நூல் பொய்மாந்த்ரேஸ். இதை மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும், ஏன்னா பின்னாடி 1888-ல லண்டன்ல ஆரம்பிச்ச கோல்டன் டான்ங்கற மந்திர சங்கத்துல இதோட சாயல் அப்படியே இருக்கு. ஒருத்தர் தியானத்துல இருக்கும்போது பொய்மாந்த்ரேஸ்னு ஒரு பெரிய உருவம் வந்து உனக்கு என்ன தெரியணும்னு கேக்குது, அவர் இருக்கறதையெல்லாம் தெரிஞ்சுக்கணும், கடவுளை அறியணும்னு சொல்றார், உடனே எல்லாம் ஒளியாகுது. ஆதி மனிதன் ஏழு கிரக மண்டலத்தையும் தாண்டி கீழ குனிஞ்சு பார்க்கறான், இயற்கைங்கற தண்ணில தன்னோட உருவமே தெரியுது, அது மேல ஆசைப்பட்டு இறங்கி உடம்புக்குள்ள மாட்டிக்கறான். செத்ததுக்கு அப்புறம் திரும்ப மேல போறப்ப ஒவ்வொரு மண்டலத்துலயும் ஒவ்வொண்ணை திருப்பி குடுத்துட்டு போகணும். சந்திரன்கிட்ட வளர்றதும் தேயறதும், புதன்கிட்ட சூழ்ச்சி, சுக்கிரன்கிட்ட காமம், சூரியன்கிட்ட ஆள்ற திமிரு, செவ்வாய்கிட்ட முரட்டுத் துணிச்சல், வியாழன்கிட்ட பணத்தாசை, சனிகிட்ட பொய். எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு எட்டாவது மண்டலத்துக்குள்ள போய் அங்க இருக்கறவங்களோட சேர்ந்து கடவுளைப் பாடணும். இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கங்க.

மேற்கு ஐரோப்பாவுல அஸ்க்ளீப்பியஸ் மட்டும் இடைக்காலம் பூரா தெரியும், கிரேக்க நூல்கள் யாருக்கும் தெரியாது. 1460 வாக்குல லியோனார்டோ டா பிஸ்டோயாங்கற துறவி மாசிடோனியாவுல இருந்து ஒரு சுவடியை ஃபிளாரன்ஸுக்கு கொண்டு வர்றார், அதை அந்த ஊர்ல செல்வாக்கான பணக்காரர் காசிமோ டி மெடிசி வாங்கறார். அப்ப அவர் ஆதரவுல இருந்த அறிஞர் மார்சிலியோ ஃபிசினோ பிளாட்டோவை முழுசா லத்தீனுக்கு கொண்டு வர்ற வேலைல இறங்கியிருக்கார். காசிமோ என்ன சொல்றார்னா பிளாட்டோ இருக்கட்டும், முதல்ல ஹெர்மஸை முடிச்சுக் குடுன்னு. வயசாயிடுச்சு, சாகறதுக்கு முன்னாடி படிச்சுடணும்னு அவருக்கு ஆசை. 1463-ல ஃபிசினோ முடிச்சுக் குடுத்தார், அடுத்த வருஷம் காசிமோ இறந்துட்டார். பிளாட்டோவையே ஓரமா வைக்கற அளவுக்கு என்ன அவசரம்னா, ஹெர்மஸ் மோசே காலத்து ஆள், பிளாட்டோவுக்கே அவர்தான் மூலம்னு எல்லாரும் நம்பினாங்க. சியெனா கதீட்ரலுக்கு போனா தரையில 1480-கள்ல பதிச்ச பளிங்கு ஓவியத்துல ஹெர்மஸ் நிக்கறார், மோசேயோட சமகாலத்தவர்னு அடியில எழுதியிருக்கு. அதுவும் ஒரு சர்ச்சுக்குள்ள!

ஃபிசினோ மொழிபெயர்ப்போட நிக்கலை. அவர் பாதிரியார், வைத்தியமும் தெரிஞ்சவர். 1489-ல வெளியிட்ட வாழ்க்கையைப் பத்தின நூலோட மூணாவது பாகத்துல, படிச்சு படிச்சு சனி பிடிச்ச மாதிரி சோர்ந்து போற அறிஞர்கள் சூரியன், வியாழன், சுக்கிரன் சம்பந்தப்பட்ட பொருளை பக்கத்துல வெச்சுக்கணும்னு எழுதறார், தங்கம், வாசனை, நிறம், பாட்டு, சில சமயம் தாயத்து. அஸ்க்ளீப்பியஸ்ல எகிப்தியர்கள் மூலிகை, கல், வாசனை, பாட்டு இதெல்லாம் வெச்சு சிலைக்குள்ள தெய்வ சக்தியை வரவழைச்சாங்கன்னு ஒரு பகுதி வரும், புனித அகஸ்டீன் அதை கடுமையா கண்டிச்சிருக்கார், ஃபிசினோ அதைத்தான் ரொம்ப ஜாக்கிரதையா தொடறார். மேல இருக்கற கிரகமும் கீழ இருக்கற கல்லும் செடியும் ஒரே சங்கிலி, ஒரு பக்கம் தொட்டா இன்னொரு பக்கம் அசையும்ங்கற இந்த எண்ணம்தான் பின்னாடி வந்த மேஜிக் எல்லாத்துக்கும் இன்ஜின். அவரோட நண்பர் பீகோ டெல்லா மிராண்டோலா 1486-ல 900 கருத்துகளை வெளியிட்டு அதுல யூதர்களோட மறைஞான மரபான கபாலாவையும் இதோட கலந்தார். இன்னைக்கு மேற்கத்திய மேஜிக் புத்தகம் எதை எடுத்தாலும் ஹெர்மஸும் கபாலா மரமும் (பத்து இடம் உள்ள ஒரு மர வரைபடம்) ஒண்ணா இருக்குன்னா அந்த கலப்பு ஆரம்பிச்ச இடம் இதுதான்.

ஜெர்மன் அறிஞர் அக்ரிப்பா இதையெல்லாம் ஒரே இடத்துல கொட்டி வெச்சார். அவரோட மூணு பாக நூல் 1533-ல முழுசா வந்துச்சு: நிலம், நீர், நெருப்பு, காற்றுங்கற பூதங்களோட உலகம், கிரகங்களோட உலகம், தேவதூதர்களோட உலகம்னு மூணு அடுக்கு, எந்த கிரகத்துக்கு எந்த உலோகம் எந்த மிருகம் எந்த எண்ணுன்னு பக்கம் பக்கமா அட்டவணை. 1651-ல இங்கிலீஷ்ல வந்துச்சு, 1801-ல ஃபிரான்சிஸ் பாரெட் லண்டன்ல போட்ட மேஜிக் புத்தகத்துல பெரும்பகுதி அந்த மொழிபெயர்ப்புல இருந்து எடுத்ததுதான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை சுக்கிரனுக்கு பச்சை மெழுகுவத்தின்னு நெட்ல பார்க்கற அட்டவணைகள் இந்த வகையறாவோட வாரிசு.

இப்ப முக்கியமான திருப்பம். 1614-ல ஐசக் காசாபோன்ங்கற கிரேக்க மொழி அறிஞர், கார்டினல் பரோனியஸ் எழுதின சர்ச் வரலாற்றை மறுத்து எழுதறப்ப ஹெர்மஸ் நூல்களையும் எடுத்து அலசிட்டார். மோசே காலத்து எகிப்தியர் எப்படி கிரேக்க சிற்பி ஃபிடியாஸைப் பத்தி பேசுவார், இந்த கிரேக்க நடையே ரொம்ப பிற்காலம், பிளாட்டோ வாடையும் பைபிள் வாடையும் அடிக்குதேன்னு காட்டி, இது கிறிஸ்துவுக்கு பின்னாடி எழுதினதுன்னு நிரூபிச்சார். பழமைங்கற அந்தஸ்து படிச்சவங்க மத்தியில அதோட சரிஞ்சுது.

ஆனா மரபு சாகலை, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வர்றேன். அதே 1614-ல ஜெர்மனில காசெல் நகரத்துல ஃபாமாங்கற அறிக்கை அச்சாகுது, ரோசிக்ரூசியன்ங்கற ரகசிய சகோதர சங்கத்தோடதுன்னு சொல்லிக்கிட்டது. கிறிஸ்டியன் ரோசன்க்ராய்ட்ஸ்னு ஒருத்தர், கிழக்குல போய் ஞானம் படிச்சவர், அவரோட கல்லறை 120 வருஷம் மறைஞ்சிருந்து திறக்குது, ஏழு பக்கம் உள்ள அறை, உள்ள அழியாத உடல், கையில புத்தகம். இந்த கதை புதுசு இல்ல, இதே மாதிரி ஒண்ணு முன்னாடியே இருக்கு. "மேல எப்படியோ கீழயும் அப்படியே"ன்னு எல்லாரும் டாட்டூ குத்திக்கற வரி இருக்கே, அது கார்ப்பஸ் ஹெர்மெட்டிகத்துல இருந்து வரலை, மரகதப் பலகைங்கற குட்டி வாசகத்துல இருந்து வருது, அது நமக்கு முதல்ல கிடைக்கறது அரபில, 8-9-ம் நூற்றாண்டு வாக்குல. அந்த அரபு நூல்ல பலினாஸ்ங்கறவர் ஹெர்மஸ் சிலைக்கு அடியில ஒரு சுரங்க அறைக்குள்ள போறார், அங்க தங்க சிம்மாசனத்துல உட்கார்ந்திருக்கற ஒரு கிழவர் கையில பலகை இருக்கு. 12-ம் நூற்றாண்டுல அது லத்தீனுக்கு போச்சு, ரசவாதிகளுக்கு அது மந்திரம் மாதிரி ஆயிடுச்சு, நியூட்டன் தன் கைப்பட மொழிபெயர்த்து வெச்ச பிரதி கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்ல இன்னும் இருக்கு. பலினாஸோட சுரங்கம், ரோசன்க்ராய்ட்ஸோட கல்லறை, ரெண்டு கதைக்கும் அடிப்படை அமைப்பு ஒண்ணுதான். இது அதோட நிக்கலைன்னு கீழ பாருங்க.

பதினெட்டாம் நூற்றாண்டை வேகமா தாண்டிடலாம். 1781-ல கூர் டெ ஜெபெலின்ங்கற பிரெஞ்சுக்காரர் டேரட் சீட்டு எகிப்தியரோட தோத் புத்தகம்னு ஒரு போடு போட்டார், அப்ப எகிப்திய எழுத்தை படிக்கவே யாருக்கும் தெரியாது, ஷாம்போலியன் அதை உடைச்சது 1822-ல தான். டேரட் உண்மையில 15-ம் நூற்றாண்டு வட இத்தாலில விளையாடறதுக்கு பண்ணின சீட்டுக்கட்டு. ஆனா 1850-கள்ல எலிஃபாஸ் லெவி (பிறந்த பேர் அல்ஃபோன்ஸ் லூயி கான்ஸ்டான்ட், பாதிரியார் ஆகறதுக்கு படிச்சுட்டு விலகினவர்) அந்த 22 படச்சீட்டையும் ஹீப்ரு எழுத்து 22-ஐயும் முடிச்சுப் போட்டு டேரட், கபாலா, ஜோசியம், ரசவாதம் எல்லாத்தையும் ஒரே சிஸ்டமா ஆக்கினார். அவர் வரைஞ்ச ஆட்டுத்தலை உருவமான பாஃபோமெட் படத்துல ஒரு கை மேல, ஒரு கை கீழ, கையில ரசவாதத்தோட ரெண்டு லத்தீன் சொல், ஒண்ணுக்கு கரைய வை, இன்னொண்ணுக்கு உறைய வைன்னு அர்த்தம். சாத்தான் படம்னு பரப்பறாங்க, அது ஹெர்மெட்டிக் வரைபடம்.

அந்த கை சைகையை வேற ஒரு இடத்துல நீங்களே பார்த்திருப்பீங்க. 1909-ல ஆர்தர் எட்வர்ட் வெய்ட் சொல்லச் சொல்ல பமேலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச டேரட்ல மந்திரவாதி சீட்டை எடுத்துப் பாருங்க. வலது கையில கோலை வானத்தை நோக்கி தூக்கியிருக்கார், இடது கை விரல் மண்ணைக் காட்டுது, முன்னாடி மேசையில கோல், கிண்ணம், வாள், நாணயம், அதாவது நாலு பூதம். மரகதப் பலகை வாசகம் முழுசும் அந்த ஒரு படத்துல வந்துடுச்சு. வெய்ட், ஸ்மித் ரெண்டு பேரும் கோல்டன் டான் சங்கத்து ஆட்கள்.

இந்த கோல்டன் டான்தான் நடு அச்சு. ஹெர்மெட்டிக்ங்கற சொல்லை தன் பேர்லயே வெச்சுக்கிட்டு 1888-ல லண்டன்ல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சது வெஸ்ட்காட், மேதர்ஸ், உட்மன்னு மூணு ஃப்ரீமேசன்கள் (ரகசியச் சடங்கு வெச்சிருக்கற ஒரு சகோதர சங்கத்து ஆட்கள்). வெஸ்ட்காட் மர்மச் சாவுகளை விசாரிக்கற அரசாங்க அதிகாரி. கவிஞர் யேட்ஸ், நடிகை ஃபிளாரன்ஸ் ஃபார், மாட் கோன் எல்லாம் உறுப்பினர்கள், பெண்களுக்கும் சம இடம் இருந்துச்சு, அந்த காலத்து லண்டன்ல அது சாதாரணம் இல்ல. இவங்க வெச்சிருந்த படிநிலை கபாலா மரத்தோட பத்து இடத்துல ஏறிப் போகுது: பூமில ஆரம்பிச்சு அடுத்தது சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், வியாழன், சனி. பொய்மாந்த்ரேஸ்ல ஆன்மா ஏறிப் போற அதே வரிசை! நேரா அங்க இருந்து காப்பி அடிச்சாங்கன்னு சொல்ல மாட்டேன், படிநிலைப் பேர்கள் 18-ம் நூற்றாண்டு ஜெர்மன் ரோசிக்ரூசியன் சங்கத்துல இருந்து வந்தது, கிரக வரிசை பழைய வானியல்ல எல்லாருக்கும் பொதுவா இருந்தது. ஆனா ஒவ்வொரு கிரகமா ஏறி, ஒவ்வொரு படியிலயும் தன்னை மாத்திக்கிட்டு ஒளிகிட்ட போறதுங்கற அந்த கட்டமைப்பு ஹெர்மெட்டிக்தான். 1892-ல இருந்து உள்வட்டத்துக்கு போறவங்களுக்கு ஏழு பக்கம் உள்ள ஒரு அறையையே கட்டி வண்ணம் தீட்டி வெச்சிருந்தாங்க, தலைமை ஆள் அதுக்குள்ள பெட்டில படுத்திருப்பார், புதுசா வர்றவர் கதவைத் திறந்து அவரைக் கண்டுபிடிக்கணும். பலினாஸ் சுரங்கத்துல ஆரம்பிச்ச கதை லண்டன்ல சடங்காவே நடந்துச்சு.

கோல்டன் டான் சொல்லிக்கிட்ட பழமைக்கும் பிரச்சனை வந்துச்சு. ஜெர்மனில அன்னா ஷ்ப்ரெங்கெல்னு ஒரு அம்மா கடிதம் எழுதி சங்கம் ஆரம்பிக்க அனுமதி குடுத்தாங்கன்னு வெஸ்ட்காட் சொல்லியிருந்தார். 1900-ல மேதர்ஸே அந்த கடிதமெல்லாம் வெஸ்ட்காட் உருவாக்கினதுன்னு ஃபாருக்கு எழுதிட்டார், சங்கம் உடைஞ்சுது. மறுபடியும் அதேதான் பாருங்க, சொன்ன வயசு பொய்னு தெரிஞ்சுது, ஆனா சடங்கு நிக்கலை, பல கிளையா பிரிஞ்சு ஓடுச்சு. 1937-ல இருந்து 1940 வரைக்கும் இஸ்ரேல் ரெகார்டி நாலு பாகமா அந்த ரகசியச் சடங்குகளை அச்சடிச்சு விட்டதும் யார் வேணும்னாலும் வீட்டுல பண்ணலாம்னு ஆச்சு.

நம்ம ஊருக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு, ஆனா பலர் தேடற இடத்துல இல்ல. "அண்டத்தில் உள்ளதே பிண்டம்"னு சித்தர் சொன்னதும் மரகதப் பலகையும் ஒண்ணு, இங்க இருந்துதான் அங்க போச்சுன்னு எழுதறாங்க. கருத்து ஒத்துப் போகுது, போக்குவரத்து நடந்ததுக்கு ஆதாரம் கிடையாது. நிஜமான தொடர்பு அடையார். 1875-ல நியூயார்க்ல ஆரம்பிச்ச தியோசாபிகல் சொசைட்டி 1882-ல மெட்ராஸ் அடையாருக்கு வந்துச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிளாவட்ஸ்கியோட முதல் பெரிய நூல் (1877) எகிப்து, ஹெர்மஸ், மேஜிக்னுதான் பேசும், அப்புறம்தான் இந்தியா பக்கம் திரும்பினார். அது பிடிக்காம லண்டன் கிளைத் தலைவரா இருந்த அன்னா கிங்ஸ்ஃபோர்ட் நம்ம மேற்கு மரபே போதும்னு 1884-ல ஹெர்மெட்டிக் சொசைட்டின்னு தனியா ஆரம்பிச்சாங்க, அங்க வந்து பேசினவங்கள்ல வெஸ்ட்காட்டும் மேதர்ஸும் உண்டு, நாலே வருஷத்துல கோல்டன் டான். அதே சமயம் கிழக்குல இருந்து எடுத்துக்கவும் செஞ்சாங்க. ராம பிரசாத்ங்கற இந்தியர் தத்துவம், சுவாசம் பத்தி எழுதின தியோசாபிகல் புத்தகத்துல இருந்து பஞ்சபூத வடிவங்களை எடுத்து அட்டையா பண்ணிக்கிட்டாங்க: பிருத்விக்கு மஞ்சள் சதுரம், அப்புவுக்கு வெள்ளிப் பிறை, தேயுவுக்கு சிவப்பு முக்கோணம், வாயுவுக்கு நீல வட்டம், ஆகாசத்துக்கு கருநீல முட்டை. அட்டையை உத்துப் பார்த்துட்டு கண்ணை எடுத்தா எதிர் நிறத்துல ஒரு பிம்பம் மிதக்கும்ல, அதை மனசுல பெருசாக்கி கதவா நினைச்சு உள்ள நுழைஞ்சு என்ன தெரியுதுன்னு பார்த்து நோட்டுல எழுதணும். ஹெர்மெட்டிக் சங்கம்னு பேரு, உள்ள சிவஸ்வரோதயம்ங்கற நம்ம சுவாச சாஸ்திர நூலோட சரக்கு. இந்த கலப்பை குறையா நான் பார்க்கலை, எகிப்துல கிரேக்கரும் எகிப்தியரும் சேர்ந்து ஹெர்மஸை உண்டாக்கினதும் இதே வேலைதான்.

கோல்டன் டானுக்கு அப்புறம் கிளைகள். 1898-ல சேர்ந்த அலெஸ்டர் க்ரவுலி 1904-ல கெய்ரோவுல தனக்கு ஒரு வேதம் இறங்கினதா சொல்லி தெலிமாங்கற மதத்தை ஆரம்பிச்சார், கடைசி காலத்துல ஃப்ரீடா ஹாரிஸ் வரைஞ்ச அவரோட டேரட்டுக்கு தோத்னே பேர். ஆனா அவர்கிட்ட மேஜிக்னா சங்கல்பத்துக்கு ஏத்தபடி மாற்றம் உண்டாக்கற அறிவியலும் கலையும். பழைய ஹெர்மெட்டிக் நூல்ல இச்சை, அதிகாரம் இதெல்லாம் கிரகங்கள்கிட்ட திருப்பிக் குடுத்துட்டு போக வேண்டிய சுமை, இங்க சங்கல்பம் நடு மேடைக்கு வந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சு நவீன அக்கல்ட்ல நடந்த பெரிய மாற்றம் இதுதான். ஜெரால்ட் கார்ட்னர், சின்ன வயசுல இலங்கை தேயிலைத் தோட்டத்துலயும் அப்புறம் மலாயாவுலயும் வேலை பார்த்தவர், 1947-ல க்ரவுலியைப் பார்த்தார், 1954-ல விக்காவை பழங்கால சூனியக்காரிகளோட மதம்னு புத்தகமா போட்டார். அதுல வட்டம் போடறது, நாலு திசைக்கும் நாலு பூதத்தைக் கூப்பிடறது, கருப்புப் பிடி கத்தி, வெள்ளைப் பிடி கத்தின்னு பலதும் மேதர்ஸ் 1889-ல இங்கிலீஷ்ல போட்ட சாலமன் மந்திர நூலும் கோல்டன் டான் சடங்கும் வழியா வந்ததுதான்.

இனி கிபாலியன். 1908-ல சிகாகோவுல யோகி பப்ளிகேஷன் சொசைட்டி வெளியிட்டது, எழுதினது மூன்று தீட்சை பெற்றவர்கள்னு போட்டிருக்கும். வில்லியம் வாக்கர் அட்கின்சன்தான் எழுதினார்னு இப்ப பொதுவா ஒத்துக்கறாங்க, இவரேதான் யோகி ராமசரகாங்கற பேர்ல யோகா புத்தகமும் எழுதினவர், 1906-ல ஈர்ப்பு விதி (புவியீர்ப்பு இல்ல, நினைக்கறது நம்மகிட்ட வரும்ங்கறது) பத்தி புத்தகம் போட்டவர். மனம், ஒப்புமை, அதிர்வு, துருவம், லயம், காரண காரியம், பால்னு ஏழு விதி சொல்றார், அதுல ஒப்புமை மரகதப் பலகைல இருந்து வந்தது சரி, மனம்தான் எல்லாம்ங்கறதுக்கும் பழைய நூல்ல சாயல் இருக்கு, மத்ததுல பெரும்பகுதி அந்த காலத்து அமெரிக்க மனோசக்தி இயக்கத்தோட பாஷை. கார்ப்பஸ் ஹெர்மெட்டிகத்தை திறந்தா ஜெபம், துதிப்பாட்டு, நன்றி சொல்றது, அழுகைன்னு பக்தி வழியும், ஒரு குரு சிஷ்யனை மகனேன்னு கூப்பிட்டு மறுபிறப்பு குடுப்பார் (13-வது நூல்). கிபாலியன்ல அந்த பக்தி காணோம், மனநிலையை எப்படி மாத்திக்கறது, விதியை எப்படி பயன்படுத்திக்கறதுங்கறதுதான் இருக்கு. உதவாத புத்தகம்னு சொல்லலை, ஆனா அதைப் படிச்சுட்டு பழைய எகிப்து ஞானம் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

இன்னொரு விஷயம் 1945-ல வந்துச்சு. எகிப்துல நாக் ஹம்மாடி பக்கத்துல ஒரு ஜாடிக்குள்ள காப்டிக் மொழி சுவடிகள் கிடைச்சதுல ஆறாவது சுவடில யாருக்கும் தெரியாத ஒரு ஹெர்மெட்டிக் உரையாடல் இருந்துச்சு, எட்டாவதையும் ஒன்பதாவதையும் பத்தினது. ஏழு கிரகத்தைத் தாண்டினா வர்ற அதே எட்டாவது. சிஷ்யன் வாக்கு குடுத்தீங்களே காட்டுங்கன்னு கேக்கறான், ரெண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கறாங்க, நடுவுல உயிரெழுத்தை மட்டும் நீட்டி நீட்டி உச்சரிக்கற வரிகள், ஒருத்தரை ஒருத்தர் தழுவிக்கறாங்க, சிஷ்யனுக்கு ஒளி தெரியுது. அப்புறம் குரு இதை டியோஸ்போலிஸ் கோயிலுக்காக நீலப்பச்சைக் கல்லுல எகிப்திய எழுத்துல செதுக்கி வைன்னு சொல்றார். இது சும்மா படிச்சுப் பேசற தத்துவம் இல்ல, செஞ்சு பார்த்த சாதனைன்னு நினைக்க இதுதான் பலமான காரணம், எகிப்தியக் கோயில் மரபோட தொடர்பு இருந்திருக்கும்னு ஆய்வாளர்கள் திரும்பவும் பேச ஆரம்பிச்சதும் இதுக்கு அப்புறம் சூடு பிடிச்சது. காசாபோன் தேதி விஷயத்துல சரி, உள்ள எகிப்தே இல்லைன்னு பின்னாடி வந்தவங்க முடிவு கட்டினதுதான் அவசரம்.

அதனால படிக்கணும்னு நிஜமா ஆசை இருந்தா பொய்மாந்த்ரேஸை முதல்ல படிங்க, அடுத்து 13-வது நூல், அப்புறம் இந்த எட்டாவது ஒன்பதாவது உரையாடல், மூணும் சேர்த்து ஒரு சாயங்காலத்துல முடிச்சுடலாம். முதல் ரெண்டுக்கும் தியோசாபிகல் ஆளா இருந்த மீட் 1906-ல பண்ணின மொழிபெயர்ப்பு நெட்ல இலவசமா கிடைக்கும் (மூணாவது 1945-ல தான் கிடைச்சதால அதுல இருக்காது), பைபிள் நடைல கொஞ்சம் முறுக்கிக்கிட்டு இருக்கும், கையில காசு இருந்தா கோபன்ஹேவர் 1992-ல பண்ணினதை வாங்குங்க, அடிக்குறிப்பே பாதி புத்தகம். கிபாலியனை அதுக்கு அப்புறம் எடுங்க, 1908-ல ஒரு அமெரிக்கர் எழுதினதுன்னு தெரிஞ்சே படிங்க.